‘முடிவுகள் எதுவும் இல்லை’: இணையத்தில் முன்னோரைத் தேடுகையில் வரும் தடைகளும் அவற்றைக் கடக்கும் வழிகளும்

என் கொள்ளுப்பாட்டியின் அண்ணன் குப்புசாமி தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிப் போனார் என்பது எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எந்த ஆண்டில், எந்தக் கப்பலில், யாரோடு போனார் என்பது எவருக்கும் தெரியாது. ஓராண்டுக்கும் மேலாக அவர் பெயரைத் தேடுபெட்டியில் விதவிதமாக இட்டுப் பார்த்து, ஒவ்வொரு முறையும் ‘முடிவுகள் எதுவும் இல்லை’ என்ற ஒற்றை வரியைப் பெற்று, ஆவணம் அழிந்துபோயிருக்கும் என்று நானே முடிவுகட்டிவிட்டேன். கடைசியில் அவர் அகப்பட்டது, தேடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே என் கணினியில் இறக்கி வைத்திருந்த கோப்பில்தான்.

அந்த ஒற்றை வரிக்குப் பின்னால் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலைகள் இருக்கின்றன: பதிவே இல்லாதிருக்கலாம், பதிவு இருந்தும் பெயரடைவு (தேடுவதற்கான பெயர்ப் பட்டியல்) செய்யப்படாதிருக்கலாம், அடைவு செய்யப்பட்டும் வேறு எழுத்துக்கூட்டலில் கிடக்கலாம், எல்லாம் சரியாக இருந்தும் பார்க்க அனுமதி இல்லாதிருக்கலாம். கணினி இந்த நான்குக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும். எது நம்முடைய நிலை என்று கண்டுகொள்ளாமல் அதே பெயரை நூறு முறை தட்டுவது, ஊரே தெரியாமல் பேருந்தில் ஏறி உட்கார்ந்திருப்பதைப் போன்றது. ஆகவே கீழே உள்ளவற்றைத் திரையில் தெரியும் அறிகுறியின்படி பிரித்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் பழைய சென்னை மாகாணத்திலிருந்து நேட்டாலுக்குப் போனவர்களைப் பற்றியவை, ஏனென்றால் நான் நன்கு அறிந்த ஆவணங்கள் அவை.

அறிகுறி 1: பெயரை இட்டால் எதுவும் வருவதில்லை

முதலில், நீங்கள் தேடும் பட்டியலில் அந்த மனிதர் இருக்க வாய்ப்புண்டா என்று பாருங்கள். 1860 முதல் 1911 வரை 1,52,184 பேர் இந்தியாவிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளராக நேட்டாலுக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பான்மையினர் சென்னைத் துறைமுகம் வழியாகச் சென்றவர்கள். முதற்கப்பலான ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. ஆனால் 1866இல் ஆள் அனுப்புவது நின்றுபோய், 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. உங்கள் வீட்டுக் கணக்குப்படி ‘1870 வாக்கில் போனார்’ என்றால் அந்த ஆண்டில் கப்பலே இல்லை. ஆண்டு தவறு, அல்லது அவர் போனது வேறு நாட்டுக்கு. இன்னொன்று, சொந்தக் காசில் பயணச்சீட்டு வாங்கிப் போன வணிகர்களும் கணக்கர்களும் ஒப்பந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். அங்கே அவர்களை எவ்வளவு தேடினாலும் பயனில்லை.

இந்த இரண்டும் இல்லை என்றால், கோளாறு பெரும்பாலும் எழுத்துக்கூட்டலில் இருக்கும். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் என்னிடம் உதவி கேட்டு வருபவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

அன்றைய எழுத்தர்கள் நாம் இன்று எழுதும் முறையில் தமிழ்ப் பெயர்களை ஆங்கிலத்தில் எழுதவில்லை. காதில் விழுந்ததை ஆங்கில உச்சரிப்பு வழக்கப்படி எழுதினார்கள். உகரத்துக்கு யூ என்ற எழுத்தைப் போடாமல் ஓ என்ற எழுத்தை இரண்டு முறை போட்டார்கள். யூவை அகரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். அதனால் முத்து என்பது எம்-ஓ-ஓ-டி-எச்-ஓ-ஓ ஆயிற்று. ரங்கன் என்பது ஆர்-யூ-என்-ஜி-ஏ-என் ஆயிற்று. ககரத்துக்கு கே எழுத்தைவிட சி எழுத்தை அதிகம் பயன்படுத்தினார்கள். முனிசாமியில் நடுவிலுள்ள இகரம் விழுந்து எம்-ஓ-ஓ-என்-எஸ்-ஏ-எம்-ஒய் என்று நின்றது; தென்னாப்பிரிக்காவில் இன்று அது ஒரு குடும்பப் பெயராகவே வழங்குகிறது. கவுண்டர் என்பது அங்கே கோவெண்டர் ஆகியிருக்கிறது. சின்னத்தம்பி என்ற பெயரின் முதலெழுத்து எஸ் ஆகவும் இருக்கலாம், சி-எச் ஆகவும் இருக்கலாம்.

இந்த மாறுபாடுகளையெல்லாம் கணினி தானே பிடித்துக்கொள்ளும் என்று நினைப்பது இயல்பே. பல தளங்களில் ‘ஒலியொத்த பெயர்களையும் தேடு’ என்றொரு வசதி இருக்கும். அதன் பின்னணியில் பெரும்பாலும் இருப்பது 1918இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் என்ற முறை அல்லது அதன் வழிவந்த ஏதோவொன்று. அது பெயரின் முதலெழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை நீக்கி, மீதி மெய்யெழுத்துகளை எண்களாக்கும். குப்புசாமியை கே எழுத்தில் தொடங்கி எழுதினால் கே-125 என்று வரும். சி எழுத்தில் தொடங்கி எழுதினால் சி-125 என்று வரும். மூன்று எண்களும் ஒன்றே, ஆனால் முதலெழுத்து மாறிவிட்டதால் கணினிக்கு இவர்கள் இருவேறு மனிதர்கள். நான் ஓராண்டு தொலைத்தது இந்த ஓரெழுத்தில்தான்.

செய்ய வேண்டியது இது. பெயர் தொடங்கக்கூடிய எழுத்துகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள்: ககரத்துக்கு கே, சி, ஜி, சகரத்துக்கு எஸ், சி, ஜே, தகரத்துக்கு டி (T, D இரண்டும்), பகரத்துக்கு பி (P, B இரண்டும்) என எதையும் விடாதீர்கள். தளம் நட்சத்திரக் குறியை அனுமதித்தால், எந்த எழுத்தராலும் மாற்ற முடியாத மெய்யெழுத்துகளை மட்டும் இட்டு இடைவெளிகளில் நட்சத்திரத்தைப் போடுங்கள். ஓரெழுத்து மட்டுமே ஐயமானால் அந்த இடத்தில் கேள்விக்குறி போதும். ‘சரியாகப் பொருந்துவதை மட்டும் காட்டு’ என்ற கட்டத்தில் குறியீடு இருந்தால் எடுத்துவிடுங்கள்.

அடுத்த கோளாறு, ‘குடும்பப் பெயர்’ என்ற பெட்டி. நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்துதான் உண்டு. ஐரோப்பியப் பெயர்களுக்காகச் செய்த படிவத்தில் நம் பெயரை இட்டவர், ஓரிடத்தில் தந்தை பெயரையும், ஓரிடத்தில் சாதிப்பெயரையும், வேறோரிடத்தில் ஊர்ப்பெயரையும் அந்தப் பெட்டியில் போட்டிருப்பார். ஆகவே முதல் முறை அப்பெட்டியைக் காலியாக விட்டுத் தேடுங்கள். இரண்டாம் முறை மனிதரின் சொந்தப் பெயரையே அதில் இட்டுத் தேடுங்கள். மூன்றாம் முறை தந்தை பெயரை மட்டும் இடுங்கள். மலேசிய ஆவணங்களில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் மலாய்ச் சுருக்கங்களும் பெயரோடு ஒட்டிக்கொண்டு அடைவாகியிருக்கக்கூடும்.

மூன்றாவதாக, அடைவு செய்தவரின் கண். கையெழுத்துப் பதிவைப் படித்துத் தட்டச்சிட்டவர் தமிழ் அறியாத தன்னார்வலராக இருக்கலாம். கூட்டெழுத்தில் என், ஐ என்ற இரண்டு எழுத்துகளும் சேர்ந்து எம் போலத் தெரியும். என்னும் யூவும் ஒன்றையொன்று மாற்றி வேடம் போடும். நமக்கு முனியன் என்று பளிச்செனத் தெரிவது அவருக்கு அர்த்தமற்ற கோடுகளாகத்தான் தெரிந்திருக்கும். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; ஹங்கேரியக் கையெழுத்தைக் கொடுத்தால் நானும் அப்படித்தான் படிப்பேன்.

இத்தனை செய்தும் அகப்படவில்லை என்றால், பெயரை விட்டுவிடுங்கள். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் ஆவண மையம் கப்பல் பட்டியல்களை விரிதாள்களாக்கி இணையத்தில் வைத்திருக்கிறது. அவற்றை முழுதாக இறக்கி, தந்தை பெயர், ஊர், வயது ஆகிய பத்திகளால் வடிகட்டிப் பாருங்கள். எங்கள் குப்புசாமி கிடைத்தது இவ்வழியில்தான். தந்தை முனியன் என்பதும் ஊர் பள்ளிகொண்டா என்பதும் எனக்குத் தெரியும். ஊர்ப் பத்தியை அகர வரிசையில் அடுக்கிவிட்டு, பி எழுத்தில் தொடங்கும் ஊர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தேன். பி-யூ-எல்-எல்-ஐ-சி-ஓ-என்-டி-ஏ-எச் என்ற வரியைப் படித்தபோது காதுதான் முதலில் கண்டுகொண்டது. இடப்பக்கம் பார்த்தால் வயது இருபத்திரண்டு, தந்தை முனியன், அங்க அடையாளப் பத்தியில் இடது முழங்காலில் தழும்பு. வீட்டில் சொல்லிவந்ததுபோல் அவர் தாது வருஷப் பஞ்சத்தில் போகவில்லை. அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்துப் போயிருக்கிறார்.

ஒருவர் கிடைத்துவிட்டால் அவருடைய குடியேற்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். நேட்டால் ஆவணங்களில் மனிதரின் அடையாளம் பெயரல்ல, அந்த எண்தான். பெயர் பத்து விதமாக மாறினாலும் எண் மாறாது. பிற்காலத் திருமண, இறப்பு ஆவணங்களிலும் அதுவே தொடர்ந்து வரும். எண்கள் வரிசையாகத் தரப்பட்டவை என்பதால் முன்னும் பின்னும் உள்ள பத்துப் பதினைந்து எண்களையும் படியுங்கள்: மனைவி, தம்பி, ஒரே ஊர்க்காரர் என்று கூட்டமாகப் போயிருப்பது அங்கே தெரியும்.

அறிகுறி 2: முடிவுகள் ஆயிரக்கணக்கில் கொட்டுகின்றன

முனியம்மா என்று தேடுபவருக்கு இது நேரும். முதல் பக்கத்திலேயே வயது ஏறக்குறைய ஒத்துப்போகும் முனியம்மா ஒருத்தி இருப்பாள்; ஆசை அவளையே நம் பாட்டியாக்கிக்கொள்ளச் சொல்லும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், ஊர் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு ஒத்துப்போகாமல் எவரையும் குடும்ப மரத்தில் ஏற்றாதீர்கள். வேறொருவர் இணையத்தில் போட்டு வைத்திருக்கும் மரத்தில் அதே பெயர் இருப்பது சான்று ஆகாது. அவரும் முதல் பக்கத்திலேயே நின்றவராக இருக்கலாம். பட்டியலில் எழுதப்பட்டிருக்கும் சாதியையும் வயதையும் தோராயமாகவே கொள்ளுங்கள். ஆள் சேர்ப்பவன் சொல்லிக்கொடுத்ததும் எழுத்தர் ஊகித்ததும் அந்தப் பத்திகளில் கலந்திருக்கின்றன.

அறிகுறி 3: ஊரின் பெயர் இருக்கிறது, ஆனால் மாவட்டம் பொருந்தவில்லை

ஆவணம் எழுதப்பட்ட நாளின் மாவட்டத்தைத்தான் அது சொல்லும். இன்றைய மாவட்டப் பெயரைத் தெரிவுப்பட்டியலில் அமுக்கிவிட்டுத் தேடினால் எதுவும் வராது. வட ஆற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1911இல் அதன் ஒரு பகுதி சித்தூர் மாவட்டத்துக்குப் போயிற்று. மிச்சமிருந்தது 1989இல் வேலூர், திருவண்ணாமலை என இரண்டாகப் பிரிந்தது. 2019இல் வேலூர் மாவட்டம் மீண்டும் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என மூன்றாயிற்று. திருத்தணியின் கதை இன்னும் சுவையானது: முதலில் வட ஆற்காடு, பிறகு சித்தூர், 1953க்குப் பின் ஆந்திர மாநிலம், 1960இல் மீண்டும் சென்னை மாநிலம், இப்போது திருவள்ளூர் மாவட்டம். ஒரே தெருவில் வாழ்ந்த மூன்று தலைமுறையினரின் ஆவணங்கள் மூன்று மாவட்டப் பெயர்களில் கிடக்கும் என்றால் நம்பக் கடினம்தான், ஆனால் அதுவே உண்மை.

ஆகவே தேடும் ஆண்டை முதலில் எழுதிக்கொண்டு, அந்த ஆண்டில் அவ்வூர் எந்த மாவட்டம், எந்தத் தாலுகா என்று கண்டறியுங்கள். 1911க்கு முந்தைய தேடல் என்றால் தென் ஆற்காடு, செங்கல்பட்டு, திருச்சிராப்பள்ளி, சேலம், தஞ்சாவூர் போன்ற பெரிய மாவட்டங்களை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். அவற்றையும் அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலேயே தேட வேண்டும். ஊர்ப்பெயர் மட்டும் கிடைத்து மாவட்டம் அழிந்திருந்தால் அவசரப்படாதீர்கள். பள்ளிப்பட்டு, புதுப்பாளையம், நல்லூர் போன்ற பெயர்கள் தமிழகத்தில் எத்தனை இடங்களில் இருக்கின்றன என்பதை எண்ணிப் பாருங்கள்.

ஆண்டைப் பற்றி இன்னொரு சொல். வீட்டிலிருக்கும் ஜாதகத்திலும் பழைய ஓலையிலும் தமிழ் ஆண்டின் பெயர் மட்டும் இருந்தால் அது அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். தாது என்பது 1876ஆகவும் இருக்கலாம், 1936ஆகவும் இருக்கலாம். வருவாய்த்துறைக் கணக்குகளில் பசலி ஆண்டு இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1330 என்பது 1920 ஜூலை முதல் 1921 ஜூன் வரை.

அறிகுறி 4: பதிவு இருக்கிறது என்று காட்டுகிறது, படம் திறக்க மறுக்கிறது

குடும்ப வரலாற்று ஆவணங்களைத் திரட்டித் தரும் ஃபேமிலிசர்ச் தளத்தில் இது அன்றாடம் நடப்பது. அத்தளம் இலவசமானது, சென்னை, திருநெல்வேலி திருமண்டலங்களின் புராட்டஸ்டண்ட் தேவாலயப் பதிவேடுகளும் நேட்டாலின் சொத்து வாரிசுக் கோப்புகளும் அங்கே இருக்கின்றன. ஆனால் இலவசம் என்பதும் திறந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல.

முதலில், கணக்கில் உள்நுழைந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், பாதிச் சிக்கல்கள் இங்கேயே தீர்ந்துவிடும். நுழைந்த பிறகும் திறக்கவில்லை என்றால் நூற்பட்டியலில் அந்தப் படச்சுருளுக்கு எதிரே இருக்கும் குறியைக் கவனியுங்கள். வெறும் கேமரா என்றால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். கேமராவின் மேல் சாவி இருந்தால் கட்டுப்பாடு உண்டு என்று பொருள்: அத்தளத்தின் மையத்துக்கோ அதனோடு இணைந்த நூலகத்துக்கோ நேரில் போய் அங்குள்ள கணினியில் பார்க்க வேண்டியிருக்கும். படச்சுருள் குறி மட்டும் இருந்தால் அது இணையத்துக்கு வரவே இல்லை. பழைய நாளில் மைக்ரோஃபிலிமை அஞ்சலில் வரவழைத்துப் பார்க்கலாம். அந்த வசதி 2017இல் நிறுத்தப்பட்டது.

சாவிக் குறிக்குக் காரணம் கஞ்சத்தனம் அல்ல. மூல ஆவணத்தை வைத்திருக்கும் திருச்சபையோ அரசோ படமெடுக்க அனுமதித்தபோது போட்ட ஒப்பந்தம் அப்படி. ஆகவே உலாவியை மாற்றினாலும் தற்காலிக நினைவகத்தை அழித்தாலும் அது திறக்காது. அதற்காக மாலைப்பொழுதை வீணாக்காதீர்கள். படச்சுருளின் எண்ணையும் படத்தின் வரிசை எண்ணையும் குறித்துக்கொண்டு, மையத்துக்கு அருகில் வாழும் உறவினர் எவரையாவது பார்த்துச் சொல்லக் கேளுங்கள். இரண்டு எண்களும் கையிலிருந்தால் அவருக்குப் பத்து நிமிட வேலை.

பெயர்த்தேடலில் வராத ஆவணம் இல்லாத ஆவணம் என்று எண்ணிவிடாதீர்கள். படமாக்கப்பட்டும் பெயரடைவு செய்யப்படாத சுருள்கள் ஏராளம். நூற்பட்டியலில் ஊர்வழியாக நுழைந்து, புத்தகத்தைப் புரட்டுவதுபோல் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்க வேண்டும். நேட்டாலின் இறப்பு அறிவிப்புப் படிவங்களுக்கு இந்த உழைப்பு தகும்: சொத்து விட்டுச் சென்றவரின் கோப்பில் பெற்றோர் பெயர், பிறந்த இடம், மனைவி, மக்கள் எல்லாம் ஒரே தாளில் வரிசையாக நிற்கும். கப்பல் பட்டியலில் தனியாளாக நின்ற மனிதர் அங்கே குடும்பத்தோடு காட்சி தருவார். தென்னாப்பிரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தின் இணைய அடைவோ கோப்பின் எண்ணை மட்டுமே தரும், படத்தைத் தராது. அதில் கிடைத்த எண்ணை வைத்துக்கொண்டு ஃபேமிலிசர்ச்சில் அதே எண்ணுள்ள சுருளைத் தேடுவதே வழி.

அறிகுறி 5: பெயரை இடுவதற்குப் பெட்டியே இல்லை

புதுச்சேரி, காரைக்கால் குடும்பத்தினர் இதைச் சந்திப்பார்கள். பிரெஞ்சு ஆட்சிக்காலப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்களை பிரான்சின் கடல்கடந்த பகுதிகளுக்கான தேசிய ஆவணக்காப்பகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே இடமும் ஆண்டும்தான் கேட்பார்கள், ஆளின் பெயரைக் கேட்க மாட்டார்கள். தளம் பழுது என்று திரும்பிவிடாதீர்கள். ஆண்டு தெரியாவிட்டால் பத்தாண்டு அட்டவணை என்ற பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பத்தாண்டுப் பெயர்கள் அகர வரிசையில் தேதியோடு கிடைக்கும், அந்தத் தேதியைக் கொண்டு பதிவேட்டைத் திறக்கலாம். 1881ஆம் ஆண்டு ஆணைக்குப் பின் சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடிமைச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அதனால் அப்பா பெயரில் தொடர்ந்த வரிசை அந்த இடத்தில் அறுந்து, வேறொரு பெயரில் மறுபடி தொடங்கும்.

அறிகுறி 6: பழைய இணைப்பு திறக்கவில்லை

2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகத்தின் மீது நடந்த இணையத் தாக்குதலுக்குப் பின், அதன் பல சேவைகள் மாதக்கணக்கில் முடங்கின. பழைய கட்டுரைகளில் தரப்பட்ட இணைப்புகள் பலவும் செத்துப்போயின. அங்குள்ள இந்தியா ஆபிஸ் (லண்டனிலிருந்து இந்திய ஆட்சியைக் கவனித்த அரசுத் துறை) ஆவணங்களில் சென்னை மாகாணத்துக் கிறித்தவப் பதிவேடுகள் கட்டணத் தளமான ஃபைண்ட்மைபாஸ்ட்டில் 2014 முதல் உள்ளன. எந்த இணைப்பு செத்தாலும் முதலில், பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் இட்டுப் பாருங்கள். பிடிஎஃப் கோப்பும் எளிய பக்கமும் அங்கே பிழைத்திருக்கும். தேடுபெட்டி வைத்த தரவுத்தளம் மட்டும் பிழைத்திருக்காது. இனி பயனுள்ள பக்கத்தைக் கண்டால் இணைப்பைச் சேமிக்காதீர்கள், பக்கத்தையே இறக்கி வையுங்கள்.

அறிகுறி 7: கோப்பு திறக்கிறது, தமிழ் கிறுக்கலாக இருக்கிறது, அல்லது கண்ணுக்குத் தெரியும் பெயரைத் தேடினால் இல்லை என்கிறது

பழைய வாக்காளர் பட்டியல்களில் இது அதிகம். குடும்ப வரலாற்றுக்கு அவை அருமையான ஆவணங்கள்: வீட்டு எண், வயது, தந்தை அல்லது கணவர் பெயர் மூன்றும் ஒரே வரியில் இருக்கும். 2008ஆம் ஆண்டுத் தொகுதி மறுவரையறைக்கு முந்தைய பட்டியலென்றால் பழைய தொகுதியின் பெயரில் தேட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

எழுத்துக்கோளாறு வருவது இப்படி. யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழுக்கு டிஸ்கி, டாப், டாம், பாமினி என்று பல குறியேற்றங்கள் (எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் முறைகள்) இருந்தன. டாப், டாம் இரண்டையும் தமிழக அரசு 1999இல் தரமாக அறிவித்தது. யூனிகோடுக்கு அரசு முறைப்படி மாறியது 2010இல். இடைப்பட்ட காலக் கோப்புகளில் கண்ணுக்குத் தெரிவது தமிழ், உள்ளே இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். நீங்கள் யூனிகோடில் இடும் பெயர் அதோடு எப்படிப் பொருந்தும்?

ஒரு வரியை நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே ஒட்டினால் யூனிகோட். குப்பையாக ஒட்டினால் அந்தக் குப்பையை என்எச்எம் மாற்றி, சுரதா மாற்றி போன்ற கருவியில் இட்டு எந்தக் குறியேற்றம் என்று கண்டறியுங்கள். பிறகு தலைகீழாகச் செய்யுங்கள்: தேடும் பெயரை அதே குறியேற்றத்துக்கு மாற்றி, கிடைக்கும் குப்பையைத் தேடுபெட்டியில் ஒட்டுங்கள். முந்நூறு பக்கக் கோப்பில் தாத்தாவின் பெயர் நொடியில் மஞ்சளாக ஒளிரும்.

யூனிகோடாக இருந்தும் அகப்படவில்லை என்றால் கொம்பைச் சந்தேகியுங்கள். சில பிடிஎஃப்களில் கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாகக் கிடக்கும். ‘கோவிந்தன்’ என்பது ‘ேகாவிந்தன்’ என்று ஒட்டும். அப்போது முழுப்பெயரை இடாமல் கொம்பில்லாத துண்டான ‘விந்த’ என்பதை மட்டும் தேடுங்கள். எதையும் நகலெடுக்கவே முடியவில்லை என்றால் அது வெறும் படம். கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு படித்துத் தரும். ‘ஓரளவு’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மங்கலான பக்கத்துக்குக் கண்தான் கதி.

அறிகுறி 8: வில்லங்கம் போட்டால் ‘பதிவுகள் இல்லை’ என வருகிறது

ஊரில் தங்கிவிட்ட கிளையைத் தேட, நிலப்பத்திரங்களைவிடச் சிறந்த சான்று நம்மிடம் இல்லை. பாகப்பிரிவினைப் பத்திரம் ஒன்று கிடைத்தால் மூன்று தலைமுறைப் பெயர்கள் உறவுமுறையோடு கிடைத்துவிடும். தமிழகப் பதிவுத்துறைத் தளத்தில் பெரும்பாலான சார்பதிவாளர் அலுவலகங்களுக்கு 1975 முதலான வில்லங்க விவரத்தை இலவசமாகப் பார்க்கலாம்.

வெறுமையாக வருவதற்கு நான் கண்ட காரணங்கள் மூன்று. இன்றைய பட்டாவில் இருக்கும் உட்பிரிவு எண்ணை இட்டுத் தேடுகிறீர்கள். பத்திரம் எழுதிய நாளில் அந்த உட்பிரிவே பிறந்திருக்காது. நில ஆவணங்களைப் புதுப்பிக்கும் யுடிஆர் திட்டம் 1980களில்தான் முடிந்தது. அதற்கு முந்தைய பத்திரத்தில் பழைய சர்வே எண் இருக்கும். ஆகவே உட்பிரிவை விட்டுவிட்டு முதன்மை எண்ணை மட்டும் இட்டுத் தேடுங்கள். அடுத்து, கிராமம் ஒரு சார்பதிவாளர் அலுவலகத்திலிருந்து மற்றொன்றுக்கு மாறியிருக்கலாம். பக்கத்து அலுவலகத்திலும் போட்டுப் பாருங்கள். மூன்றாவது, பத்திரம் 1975க்கு முந்தையது. அதற்கு அலுவலகத்தில் கட்டணம் கட்டித் தேடச் சொல்ல வேண்டும். அங்கே சொத்து வாரியான அடைவு மட்டுமல்லாமல் எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்வாரியான அடைவும் பராமரிக்கப்படுகிறது. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமே அதைக் கோருகிறது. சர்வே எண் தெரியாதவர்கள் பெயர்வழித் தேடலைக் கேளுங்கள். ஓர் அலுவலகத்தில் என்னிடம் ‘அப்படியெல்லாம் தேட முடியாது’ என்றார்கள். சட்டப்பிரிவை மனுவில் எழுதிக்கொடுத்த மறுவாரம் தேட முடிந்தது.

அறிகுறி 9: பிறப்புப் பதிவில் குழந்தையே இல்லை

குழந்தை இருக்கும், பெயர்தான் இருக்காது. பெயர் சூட்டுவதற்கு முன்பே பிறப்பைப் பதிவு செய்வது வழக்கம்; பின்னால் போய்ப் பெயரைச் சேர்த்தவர்கள் குறைவு. ‘ஆண் குழந்தை’ என்று மட்டும் இருக்கும் வரியைப் பெயரிட்டுத் தேடிப் பயனில்லை. பெற்றோர் பெயரையும் தேதியையும் இடுங்கள். பள்ளிச் சான்றிதழிலுள்ள தேதியை நம்பாதீர்கள். பள்ளியில் சேர்க்க வயது போதாத பிள்ளைகளுக்கு ஜூன் மாதத்துத் தேதி ஒன்றைத் தலைமையாசிரியரே கொடுத்துவிடுவது அக்காலத்து நடைமுறை. முன்னும் பின்னும் இரண்டு ஆண்டுகள் விட்டுத் தேடுங்கள்.

அறிகுறி 10: ஓடிபி வருவதில்லை

குப்புசாமியின் கொள்ளுப்பேத்தியை டர்பனில் கண்டுபிடித்த பிறகு எனக்கு நேர்ந்த கடைசிச் சிக்கல் இது. பள்ளிகொண்டாவில் இருந்த நிலத்தின் விவரத்தை அவர் தாமே பார்க்க விரும்பினார். நம்முடைய அரசுத் தளங்கள் பலவும் இந்தியக் கைப்பேசி எண்ணுக்கே ஓடிபி அனுப்பும். தென்னாப்பிரிக்க எண்ணை அந்தப் பெட்டி ஏற்றுக்கொள்ளவே இல்லை. வெளிநாட்டிலிருந்து திறந்தால் பக்கமே வராத தளங்களும் உண்டு. இதற்குக் குறுக்குவழி தேட வேண்டாம். ஊரிலிருக்கும் உறவினர் தம் சொந்தக் கணக்கில் நுழைந்து, கிடைத்ததைப் பிடிஎஃபாகச் சேமித்து அனுப்புவதே போதும். ஓடிபியை மட்டும் எவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நானும் கோப்பை மட்டுமே அனுப்பினேன். கோப்பைப் பெற்றுக்கொண்ட அந்த அம்மையாரிடமிருந்து மறுநாள் வந்த கேள்வி: “அண்ணா, இதில் தமிழெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறதே?” அவருக்கு ஏழாம் அறிகுறியை அனுப்பி வைத்தேன்.